பூரிக்கிழங்குக்காகச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும்: என்.சி.சி., என்.எஸ்.எஸ். அனுபவப் பகிர்வு

பாலாற்றங்கரை:

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கடந்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேர்வதற்குப் பெற்றோர் ஒப்புதல் தரும் படிவம் அது. அதை வைத்து எங்கள் வீட்டில் மூன்று நாள்களாக வாதம் நடக்கிறது. பிள்ளை வெயிலில் நின்று வாடிப்போவாள் என்பது என் தாயாரின் கவலை. பத்தாம் வகுப்பு நெருங்கும் நேரத்தில் சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்கலாமா என்பது என் மனைவியின் கேள்வி. இருவருக்கும் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழைய பதில்.

நான் சேர்ந்தது 1986இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில். நாட்டுப்பற்றினால் சேர்ந்தேன் என்று இங்கே எழுதினால், என்னோடு வரிசையில் நின்றவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அணிவகுப்புப் பயிற்சி முடிந்ததும் கடைத்தெரு ஓட்டலிலிருந்து பெரிய அலுமினியக் கூடையில் பூரியும் தூக்குவாளியில் கிழங்கும் வரும். எங்கள் வீடுகளில் பூரி என்பது விருந்தாளி வந்தால் மட்டும் சுடப்படும் பொருளாக இருந்த காலம் அது. அந்தப் பூரிக்காக, என் காலைவிட இரண்டு அளவு பெரிதாக இருந்த, அடியில் ஆணி அடித்த பூட்ஸுக்குள் பழந்துணியைத் திணித்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் நடந்தேன்.

ஒரு நாளை மட்டும் மறக்க முடியவில்லை. துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். பாயிண்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் வெற்றுக் குப்பிகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும். அன்று ஒரு குப்பி குறைந்தது. ஒரு சுண்டுவிரல் நுனியளவே இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டுக்காக நாற்பது பையன்கள் இரண்டு மணி நேரம் முழங்காலிட்டுப் புல்லைக் கிளறினோம். பயிற்சியளித்த ஹவில்தாரும் எங்களோடு மண்டியிட்டார். கடைசியில் அது ஒருவனுடைய மடித்த கால்சட்டை விளிம்புக்குள் இருந்தது. அவனை அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் குப்பியை வாங்கி எண்ணிக்கையோடு சேர்த்துவிட்டு, ஏட்டில் கையெழுத்திட்டுவிட்டு, பூரி ஆறிப்போயிருக்கும் என்று மட்டும் சொன்னார். வங்கியில் கணக்கு முடிக்கும் வேலையில் இருக்கிறேன். மாலையில் தொகை ஒத்துவராத ஒவ்வொரு நாளும் எனக்கு அந்தப் புல்வெளி நினைவுக்கு வரும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சான்றிதழால் கிடைக்கும் சலுகைகளின் பட்டியல் வேண்டாம்; அதை எங்கும் படித்துக்கொள்ளலாம். என்.சி.சி.யோ, நாட்டு நலப்பணித் திட்டமோ (என்.எஸ்.எஸ்.), சாரணர் இயக்கமோ, நீங்கள் அங்கே எதிர்கொண்ட ஒரு நாளையோ ஒரு மனிதரையோ எழுதுங்கள். கசப்பாக இருந்தாலும் எழுதுங்கள்.


எழுபத்தெட்டு வயதுக்காரன்:

உங்கள் மகளுக்குப் படிவம் வந்திருக்கிறது, கையெழுத்திடலாம், மறுக்கலாம். எங்களுக்கு அந்த உரிமை கிடையாது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பிறகு, 1963 முதல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக்கப்பட்டது. நான் 1964இல் திருச்சியில் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது கல்லூரி முழுவதுமே காக்கியில் நின்றது. காலை இருட்டில் மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர் இருப்போம். பயிற்சி தருபவர்கள் சிலரே. பலருக்குத் துப்பாக்கி என்பது மரக்கட்டையில் செதுக்கிய உருவம்தான். மருத்துவரிடம் மூச்சிரைப்புச் சான்று வாங்கி விலக்குப் பெற்றவர்கள் மாலையில் கால்பந்து ஆடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்திச் செய்யவைக்கும் பயிற்சியில் ஒழுங்கு வளராது, சாக்குச் சொல்லும் திறமை வளரும் என்பது அப்போதே எனக்குத் தெளிவாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. கட்டளைகள் யாவும் இந்தியில் இருந்தன. 1965 தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் எழுந்து, கல்லூரிகள் மூடப்பட்டு, மாணவர்கள் சிறை சென்று, உயிர்கள் பறிபோன பிறகு, கல்லூரி மீண்டும் திறந்ததும் நாங்கள் போய் நின்ற முதல் அணிவகுப்பில் மறுபடியும் 'சாவதான்' (விறைப்பாக நில்), 'விஷ்ராம்' (தளர்வாக நில்) என்ற குரல் ஒலித்தபோது எங்களுக்குள் எழுந்த கொதிப்பை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். குரலுக்கு உரியவர் கர்வால் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு ஹவில்தார். அரசியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவருக்குத் தெரிந்த கட்டளைமொழி அது ஒன்றுதான்.

அவர் 'தாஹினே மூட்' என்று வலப்பக்கம் திரும்பச் சொன்னால் நாங்கள் வேண்டுமென்றே இடப்பக்கம் திரும்புவோம். ஒரு வாரம் பொறுத்தார். பிறகு ஒரு நாள், என்னையும் இன்னொருவனையும் தனியே அழைத்து, இதற்கெல்லாம் உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் செய்த குறும்பை எழுத இப்போதும் கை கூசுகிறது. வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிச் சொல்லிக் கொடுத்தோம். அவர் அதைத் தேவநாகரியில் ஒரு சிகரெட் அட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவர் கரகரத்த குரலில், தமிழில், 'இடப்பக்கம் திரும்பு' என்றார். அவர் நினைத்தது வலப்பக்கம். அவர் கை காட்டியதும் வலப்பக்கம். சொல்லைக் கேட்டவர்கள் ஒரு பக்கமும் கையைப் பார்த்தவர்கள் மறுபக்கமும் திரும்ப, முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு வரிசை முழுவதும் சிரிப்பில் கலைந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. அட்டையை எடுத்துப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார். தண்டனை எதுவும் தரவில்லை. அடுத்த வாரம் அவர் கையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. எங்களிடம் கேட்காமல், கல்லூரி உணவுவிடுதியில் தட்டு கழுவிய சிறுவன் ஒருவனிடம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குள் அவர் மாறுதலாகிப் போய்விட்டார்.

1968 ஜனவரியில் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதும் அதில் இருந்தது. நாளிதழில் அதைப் படித்து மகிழ்ந்தேன். அந்தச் சிகரெட் அட்டையும் நினைவுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் என்.சி.சி. மறுபடியும் விருப்பத்தின்பேரில் சேரும் அமைப்பாக மாறியது. அடுத்த ஆண்டு, காந்தி நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. என் தம்பிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவன் எதிலும் சேரவில்லை என்பது வேறு கதை.


வைகைப் பக்கம்:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என்னுடையதையும் மறைக்காமல் எழுதலாம் என்று தோன்றுகிறது. நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, அதற்கு மேல் ஒரு கிராமத்தில் தங்கிச் செய்யும் சிறப்பு முகாம் என்பது கணக்கு. மார்பில் குத்திக்கொள்ளும் வில்லையில் கோனார்க் தேர்ச்சக்கரம் இருக்கும். அதன் எட்டு ஆரங்கள் நாளின் எட்டு யாமங்களைக் குறிக்கும், எந்த நேரமும் தொண்டுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று திட்ட அலுவலர் முதல் நாளிலேயே விளக்கினார். எட்டு யாமத்தில் விடுதி வாயில் ஆறு மணிக்கே மூடிவிடும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எங்கள் முகாம் 1994இல், உசிலம்பட்டி வட்டாரத்தில். பெண்சிசுக் கொலைக்காக அந்தப் பகுதியின் பெயர் நாளேடுகளில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். வளர்க்க விரும்பாத பெண்குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992இல் சேலத்தில் தொடங்கியிருந்தது. ஐம்பது கல்லூரிப் பெண்கள் ஊராட்சிப் பள்ளியில் பாய் விரித்துத் தங்கி, இரண்டாம் நாள் மாலை சாவடி முன்னால் ஒரு தெருநாடகம் போட்டோம். நான்தான் இரக்கமற்ற மாமியார். வேடம் நன்றாகவே பொருந்தியது என்று தோழிகள் சொன்னார்கள்.

நாடகம் முடிந்ததும் கைதட்டல் இல்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நாடகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. அந்தப் பிள்ளைய வளத்து ஆளாக்கிட்டா அதுக்கு நகை யாரு போடுவா? உங்க காலேசு போடுமா?" அந்தக் குரலில் கோபமில்லை, கேலியுமில்லை. உண்மையாகவே விடை கேட்டார். எங்கள் நாடகத்தில் அதற்கு வசனம் இல்லை. திட்ட அலுவலராக வந்திருந்த பேராசிரியை அந்த இடத்தில் ஒரு சொற்பொழிவைத் தொடங்கியிருக்கலாம். தொடங்காமல், அப்பத்தா உட்காருங்கள் என்று சொல்லி, அவரும் மண்ணில் அமர்ந்துவிட்டார்.

மீதமிருந்த இரண்டு நாடகங்களும் கைவிடப்பட்டன. மாலை நேரங்களில் வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தோம். பெண்சிசுக் கொலை என்ற சொல்லை எங்களில் யாரும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. அவர்கள் பேசியது கணவன் இறந்து ஆறு ஆண்டுகளாகியும் வராத விதவை ஓய்வூதியத்தைப் பற்றி, ரேஷன் அட்டையில் விட்டுப்போன பெயரைப் பற்றி, வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்பதைப் பற்றி. நாங்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்ற ஒரே தகுதியால் பதினான்கு மனுக்கள் எழுதினோம். முகாம் முடியும் நாளில் அவற்றை எடுத்துக்கொண்டு பேருந்தில் போய் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்கினோம். ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது மூன்று பேருக்குப் பணம் வந்திருந்தது. அந்த மூதாட்டிக்கு வரவில்லை. வயதுக்குச் சான்று இல்லையாம்.

எங்களால் அந்த ஊரில் ஒரு பெண்குழந்தையாவது பிழைத்ததா என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் அறிவுரை சொல்ல வந்த இடத்தில் மனு எழுதிக் கொடுக்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன். இப்போது நான் பணியாற்றும் இடத்திலும் அதைத்தான் பெரும்பாலும் செய்கிறேன்.


கலைந்த பந்தல்:

எல்லோருக்கும் வைகைப் பக்கம் அம்மையாருக்குக் கிடைத்த பேராசிரியை கிடைப்பதில்லை. நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். எங்கள் 240 மணி நேரமும் தேர்வுக்கு முந்தைய ஒரே இரவில் நாட்குறிப்பேட்டில் பிறந்தது. நான்கு நிறப் பேனாக்கள், ஒரே அறை, எட்டுப் பேர். 'மரக்கன்று நடுதல், மூன்று மணி நேரம்' என்று மாற்றி மாற்றி எழுதினோம். முகாம் என்றால் சீமைக்கருவேலத்தை வெட்டுவது போல அரிவாளோடு நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம்தான்.

அந்த ஊர்த் தேநீர்க்கடைக்காரர் மட்டும் எங்களை மிகுந்த மரியாதையோடு நடத்துவார். கடைசி நாளில் காரணம் தெரிந்தது. முகாமுக்குக் கட்டிய பதாகையைத் தமக்குத் தர முடியுமா என்று கேட்டார். பின்புறம் அழைத்துப் போய்க் காட்டினார். அவருடைய மாட்டுக்கொட்டகையின் கூரை முழுவதும் கல்லூரி முகாம்களின் பதாகைகள். ஆண்டு வாரியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மழைநீர் இறங்காதபடி நேர்த்தியாகச் சாய்த்துக் கட்டியிருந்தார். எங்கள் மூன்று ஆண்டுத் தொண்டில் அந்த ஊருக்கு உண்மையாகப் பயன்பட்டது இது ஒன்றே என்று நான் உறுதியாகச் சொல்வேன். நானே ஏணி பிடித்துக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.


சனிக்கிழமை வாத்தியார்:

கலைந்த பந்தல் எழுதியதில் பொய் இல்லை. அதே ஏடுகளில் கையெழுத்திட்டவர்களுக்குத் தலைக்கு நூறு பிள்ளைகள், முழு நேர வகுப்புகள், கைக்காசு போட்டு நடத்தி மாதங்கள் கழித்து வரும் முகாம் பணம் ஆகியவையும் இருந்தன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர். இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளியின் என்.சி.சி. பொறுப்பில் இருந்தேன். முப்பத்தொரு வயதில் நாக்பூருக்கு அருகிலுள்ள காம்ப்டியில் என்னைப் போன்ற வாத்தியார்களோடு பயிற்சிக்கு நின்றபோது, மாணவனாக இருப்பதன் அவமானம் இருபது ஆண்டு கழித்து எனக்குத் திரும்பக் கிடைத்தது. கால் மாற்றிப் போட்டதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடவைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகு கரும்பலகை முன்னால் விழிக்கும் பையனைப் பார்த்து நான் முன்போலக் கத்தியதில்லை. பயிற்சியின் நோக்கம் அதுவல்ல என்றாலும் எனக்கு விளைந்தது அதுதான்.

பூரியைப் பற்றித் திரியைத் தொடங்கியவர் எழுதியிருந்தார். பூரியைக் கொடுத்த பக்கத்திலிருந்து ஒரு செய்தி. என் முதல் ஆண்டில், ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மூன்று பையன்கள் வரிசையில் மயங்கி விழுவார்கள். வெயில் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன், தொப்பியைச் சரிபார்த்தேன், நிழல் இருக்கும் பக்கமாக வரிசையை மாற்றினேன். பிறகு ஒரு நாள் விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து, நேற்றிரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நேற்று மதியம் பள்ளியில் சாப்பிட்டேன் சார் என்றான். சனிக்கிழமை சத்துணவு கிடையாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கும் சனிக்கிழமை அணிவகுப்புக்குப் பிந்தைய சிற்றுண்டிக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் வயிற்றில் வேறொன்றும் விழவில்லை.

விதிப்படி சிற்றுண்டியைப் பயிற்சி முடிந்த பிறகே தர வேண்டும். முன்கூட்டியே கொடுத்தால் தின்றுவிட்டுச் சுவரேறிக் குதித்து ஓடிவிடுவார்கள் என்பது நெடுங்கால அனுபவம். அது முழுப் பொய்யும் அல்ல. நான் முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கினேன். முதல் வாரம் பதினொரு பேர் ஓடினார்கள். இரண்டாம் வாரம் நான்கு பேர். அதற்குப் பிறகு யாரும் ஓடவில்லை, யாரும் விழவுமில்லை. கணக்கேட்டில் எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகைக்கு என்று எழுத இடமுண்டு. எத்தனை மணிக்கு என்று எழுத இடமில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்கவில்லை. ஒரே ஒரு சுபேதார் கவனித்துவிட்டார். அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, எனக்கும் இரண்டு பூரி வைக்கச் சொல்லுங்கள் என்றார்.


கொங்குக் கேடட்:

நான் 2011 முதல் 2014 வரை கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் மகளிர் பிரிவில் இருந்தேன். என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சான்றிதழ் பெற்றேன். டெல்லியில் நடக்கும் குடியரசு நாள் முகாமுக்குத் தேர்வாக வேண்டும் என்பதுதான் அந்த மூன்று ஆண்டும் எனக்கு இருந்த ஒரே கனவு. முகாமுக்கு மேல் முகாமாக ஆள்களைக் கழித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முகாமிலும் காலை நான்கு மணிக்கு எழுந்து, பெல்ட்டின் பித்தளையைப் பிராஸோ போட்டு முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து, தொப்பியின் சிவப்பு இறகு நிமிர்ந்திருக்கிறதா என்று தோழியைக் கேட்டுச் சரிசெய்துகொண்டு ஓடுவோம். கடைசி முகாம் வரை போனேன். கூடுதல் ஆளாக வைத்திருந்து, புறப்படுவதற்கு முந்தைய நாள் திருப்பி அனுப்பினார்கள். கோயம்புத்தூர் வரும் வரை ரயிலில் சீருடையை மாற்றாமலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் எழுத நினைத்தது அந்த முகாம்களில் என் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணைப் பற்றி. தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மூன்றுக்கும் சேர்த்து ஒரே இயக்ககம், தலைமையகம் சென்னையில். அதனால் அந்தமான் பெண்களும் எங்களோடு போட்டியிடுவார்கள். அவள் போர்ட் பிளேயரிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்திருந்தாள். முதல் இரண்டு இரவும் படுத்தால் கட்டில் ஆடுவது போல இருக்கிறது என்று தரையில் படுத்துக்கொண்டாள். பேச்சைக் கேட்டால் ராமநாதபுரத்துத் தமிழ். தாத்தா காலத்தில் அங்கிருந்து போன குடும்பமாம். பள்ளியில் இந்தி, கடைத்தெருவில் வங்காளம், வீட்டில் தமிழ் என்று மூன்றையும் குழப்பமில்லாமல் பேசுவாள். எங்களுக்குக் கட்டளைகள் புரியாதபோது மெல்லிய குரலில் மொழிபெயர்த்துச் சொல்வாள். போட்டி நடக்கும் முகாமில் போட்டியாளர்களுக்கு உதவுகிறாயே என்று ஒருமுறை கேட்டேன். வரிசையில் நீ தப்பாகத் திரும்பினால் நானும் சேர்ந்துதானே கெட்டுப்போவேன் என்றாள். அதுவரை அணிவகுப்பை நான் என் கால், என் கை, என் மதிப்பெண் என்றே நினைத்திருந்தேன்.

அவளும் தேர்வாகவில்லை. மறுபடியும் மூன்று நாள் கப்பல்.

பிறகு நான் 'சி' சான்றிதழின் பேரில், எழுத்துத் தேர்வில்லாமல், ராணுவ அதிகாரிக்கான நேர்முகத் தேர்வுக்குப் பெங்களூரு சென்றேன். ஐந்து நாள். ஆங்கிலத்தில் 60 சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். எனக்கு எல்லாமே தமிழில் தோன்றின. அதை ஆங்கிலமாக்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். இரண்டு முறை போய் இரண்டு முறையும் கடைசி நாளில் திரும்பினேன். தேர்வாகியிருந்தால் சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி பெற்றிருப்பேன். இப்போது அஞ்சல் துறையில் இருக்கிறேன். அந்தமானுக்குப் போகும் தபால் பையைக் கையில் எடுக்கும்போது ஒரு கணம் நிற்பேன். முகவரி வாங்கி வைக்காமல் போனேன் என்ற எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.


காவிரிக் கடைமடை:

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நான் தஞ்சாவூரில் இரண்டாம் ஆண்டு மாணவன், நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர். ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியாக உயிரிழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். இரண்டு நாள் கழித்து நாங்கள் இருபது பேர் ஒரு லாரியில் போய் இறங்கினோம்.

உடல்களை மீட்கும் பணிக்கு எங்களை விடவில்லை. நல்லதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூட நிவாரண முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதும் வேலையும் துணி பிரிக்கும் வேலையும். துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழகம் முழுவதிலிருந்தும் மக்கள் இரக்கத்தோடு அனுப்பிய பழந்துணிகள் சாலையோரமெங்கும் மலைமலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தன. கிழிந்த உள்ளாடைகள், ஒற்றைக் காலுறைகள், கம்பளிக் கோட்டுகள். மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. கடலில் உழைத்துச் சம்பாதித்து, ஊருக்கே மீன் கொடுத்து வாழ்ந்தவர்கள், பிறர் கழித்துப்போட்டதை உடுத்துவதற்கு ஏன் இசைய வேண்டும்? வாங்க மறுக்கிறார்களே என்று வெளியூர்த் தொண்டர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் குவியலின் மேல் நின்று ஒரு நாள் முழுவதும் பிரித்தபோது, அனுப்பியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள், பட்டியல் எழுதும் மேசைக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து என்றார். பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாவது பெயரில் நிறுத்தினார். இருப்பவர்களை மட்டும் எழுத வேண்டுமா என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பயிற்சி முகாமில் முதலுதவி கற்றுத்தந்தார்கள், கயிற்று முடிச்சு கற்றுத்தந்தார்கள், கூட்டத்தை வரிசைப்படுத்தக் கற்றுத்தந்தார்கள். இதைக் கற்றுத்தரவில்லை. ஐந்து பெயரையும் சொல்லுங்கள் அக்கா, எழுதுகிறேன் என்றேன். இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினேன்.

வேறு ஏதாவது வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அரிசி, பாய், அடுப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஒரு சீப்பு வேண்டும் என்றார். நான்கு நாளாகத் தலைவாரவில்லை, உப்புத்தண்ணீரில் முடி சிக்காகிக் கிடக்கிறது, பிள்ளைக்கும் வார வேண்டும் என்றார். நூற்றுக்கணக்கான மூட்டைகள் வந்திருந்த அந்த முகாமில் ஒரு சீப்பு இல்லை. என் நண்பன் மிதிவண்டியை இரவல் வாங்கி, திறந்திருந்த கடையைத் தேடி, எத்தனையோ மைல் போய் இரண்டு டஜன் சீப்புகளும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வந்தான். அன்று மாலை பள்ளித் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் முதன்முதலாக அந்த முகாமில் வாய்விட்டு அழும் ஓசை கேட்டது. அதுவரை எல்லோரும் கல்லைப் போல இருந்தார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் வேலைக்குப் போய்விட்டிருந்தேன். விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். பையில் முதலில் எடுத்து வைத்தது சீப்பு, விடாய்க்கால அணையாடை, கொசுவத்தி, தீப்பெட்டி.


பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இந்தத் திரியை என் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சீப்பு வரை வந்ததும் போதும் என்று எழுந்து போய்விட்டார். காலையில் படிவம் என் மேசைமேல் இருந்தது. அதன்மேல் ஒரு பேனாவும். என் மனைவி சனிக்கிழமைத் தனிப்பயிற்சி வகுப்பை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிறும் போய்விட்டால் தூங்குவது எப்போது என்று மகள் கேட்கிறாள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சனிக்கிழமை வாத்தியார் ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம்: இப்போதாவது பூட்ஸைக் கால் அளவு கேட்டுக் கொடுக்கிறார்களா?


சனிக்கிழமை வாத்தியார்:

கேட்டுத்தான் எழுதிக்கொள்வோம். வருவது வேறு அளவாக இருக்கும். பிள்ளைக்குத் தடித்த காலுறை இரண்டு இணை வாங்கிக் கொடுங்கள். முதல் மாதம் இரண்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். குதிகாலில் தேய்க்கத் தேங்காய் எண்ணெய். சனிக்கிழமை காலையில் என்ன ஆனாலும் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.